தூண், கதவு நிலை, குழாய்: தடைகளைச் சுற்றித் தரை ரைல் வெட்டும் முறை

2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கொடுப்பனவோடு உரிமையாளரே நின்று கட்டிய 550 சதுர அடி வீடுகள் வன்னி முழுவதும் இருக்கின்றன. அவற்றில் பல பிறகு முன்னுக்கு ஒரு விறாந்தை, பின்னுக்கு ஒரு குசினி, உள்ளே ஒரு குளியலறை என்று வளர்ந்தன. இன்று அந்தச் சீமெந்துத் தரைக்கு மேல் ரைல்ஸ், ஊர்ப்பேச்சில் மாபிள், பதிக்கிறார்கள். பகுதி பகுதியாக எழுந்த வீட்டில் மூலை மூலைமட்டத்துக்கு நிற்காது. தூண் சுவர்க்கோட்டில் வராது. மலசலகூடக் குழாய் தரையின் எந்த இடத்திலும் தலை நீட்டும். நேர்வெட்டு ஒரே நாளில் பழகிவிடும். ரைல் உடைவதும், அதன் மேல்முகப் பூச்சு சிதறுவதும், பதித்து ஆறு மாதத்தில் மூலையிலிருந்து வெடிப்பு ஓடுவதும் இந்தத் தடைகளைச் சுற்றித்தான்.

அப்படி உடையும் ரைல்களில் பெரும்பங்கு வெட்டுகிற கையால் உடைவதில்லை. தடை அந்த ரைலின் எந்த இடத்தில் வந்து விழுகிறது என்பதை ஆரும் முன்கூட்டிப் பார்க்காததால் உடைகிறது. ஆகவே வேலை கிறைண்டரில் அல்ல, ரைல் வரும் கோட்டைத் தரையில் குறிக்க நூல் அடிப்பதில் தொடங்குகிறது.

நூல் அடிக்கும்போதே தடையைப் பாருங்கள்

முதலில் மில்லிமீற்றருக்கு மாறுங்கள். கடையில் “இரண்டடி ரைல்” என்று தருவது 600 மி.மீ. அது 24 அங்குலம் இல்லை, 23⅝ அங்குலம். அடிக்கணக்கில் போனால் பத்து ரைலுக்குள் கிட்டத்தட்ட 4 அங்குலம் பிழைத்துவிடும்.

ஒரு விறாந்தையின் அகலம் 2,450 மி.மீ. என்று வையுங்கள். இரு சுவர் ஓரமும் 8 மி.மீ. இடைவெளி விட்டால் மிஞ்சுவது 2,434. ஒரு சுவரிலிருந்து முழு ரைலாகத் தொடங்கினால் நாலு ரைலும், ரைலுக்கு ரைல் விடும் 3 மி.மீ. மூட்டு நாலும் சேர்ந்து 2,412 ஆகும். மறு ஓரத்தில் 22 மி.மீ. கீற்று ஒன்று வேண்டிவரும். அதை வெட்டவும் முடியாது, வெட்டினாலும் ஒட்டி நிற்காது. அதையே நடுவிலிருந்து தொடங்கி மூன்று முழு ரைல் வைத்தால் 1,812 போக, இரு பக்கமும் 311 மி.மீ. அகலத் துண்டுகள் வரும். அரை ரைலுக்கு மேற்பட்ட துண்டு என்பதால் பார்க்கவும் இலட்சணம், பலமும் உண்டு.

தூணுக்கும் இதே கணக்குத்தான். கூரை வரை போகும் தூண் ஒரு ரைலின் நட்டநடுவில் விழுந்தால், துளை போட்டும் அந்த ரைலை உள்ளே இறக்க முடியாது. நூலைக் கொஞ்சம் தள்ளி, தூணின் மையம் மூட்டுக்கோட்டில் வரச் செய்யுங்கள். இரண்டு ரைலில் அரைவட்டம் வெட்டினால் போதும். நாலு ரைல் சந்திக்கும் முனையில் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொன்றிலும் கால்வட்டம்தான் வரும், உடைய வாய்ப்பு மிகக் குறைவு.

வெட்டிய பிறகு ரைலில் எங்கேயும் 50 மி.மீ.க்குக் குறைந்த “கழுத்து” மிஞ்சக்கூடாது. குழாய்த் துளைக்கும் ரைல் ஓரத்துக்கும் இடையில் 20 மி.மீ. கீற்று நிற்கிறதென்றால், அது வெட்டும்போது உடையாவிட்டாலும் ஆள் மிதிக்கும்போது உடையும். அந்தக் கழுத்தைக் காப்பாற்றப் பாடுபடாமல் நூலைத் தள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் துளையின் மையத்தினூடாக ரைலை நேராக இரண்டாக வெட்டிவிடுங்கள். அளந்து வெட்டிய கோடு கண்ணுக்கு உறுத்தாது. வெடித்த கோடு உறுத்தும்.

ரைல் வாங்கும் அளவையும் இப்போதே பாருங்கள். நாலு ரைல் கொண்ட 600 பெட்டி 1.44 சதுர மீற்றர், அதாவது பதினைந்தரைச் சதுர அடி மூடும். 10 அடிக்கு 12 அடி அறைக்கு எட்டுப் பெட்டி கணக்கில் சரியாக வரும். ஆனால் கழிவுக்கு 10 வீதம், தூணும் குழாயும் உள்ள இடத்துக்கு 15 வீதம் கூட்டி ஒன்பது பெட்டி எடுக்கவேண்டும். பெட்டியில் அச்சிட்ட தொகுதி எண்ணும் நிற எண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தே ஏற்றுங்கள். மல்லாவிக்கோ ஒட்டுசுட்டானுக்கோ கொண்டுபோன பிறகு ஒரு ரைல் குறைந்தால், அதற்காகத் திரும்ப வவுனியா போய் வாங்கும் ரைல் அதே நிறத்தில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றும்போது ரைல் பெட்டிகளைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குங்கள். உள்வீதிக் குலுக்கலில் விழும் மயிர்வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. கிறைண்டர் வைத்தவுடன் அது வழியாகத்தான் ரைல் பிளக்கும்.

என்ன ரைல், என்ன வட்டு

ரைலின் பின்முகத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். சற்று நேரத்தில் உறிஞ்சிவிட்டால் அது செரமிக். முத்தாக நின்றால் போர்சலின். போர்சலின் தன் எடையில் அரை வீதத்துக்கு மேல் தண்ணீர் எடுக்காது, அவ்வளவு இறுக்கமானது. செரமிக்குக்கு விளிம்பு முழுவதும் தொடர்ச்சியாக உள்ள சாதாரண வைர வட்டு போதும். போர்சலினுக்கு 1.2 மி.மீ. அளவு மெல்லிய, விளிம்பில் வலைக்கோடு போட்ட போர்சலின் வட்டுத்தான் வேண்டும். பல் பிரிந்த கொங்கிறீற் வட்டால் ரைல் வெட்டாதீர்கள். பூச்சு அரிசி அரிசியாகச் சிதறும்.

நாலங்குலக் கிறைண்டருக்கு 100 அல்லது 105 மி.மீ. வட்டு. 110 மி.மீ. வட்டு தண்ணீர்க் குழாய் பொருத்திய மாபிள் கட்டருக்கு உரியது, அதன் நடுத்துளையும் 20 மி.மீ. நாலங்குலக் கிறைண்டரின் தண்டுக்கு வேண்டியது 16. காப்புத்தகட்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வட்டு மாட்டும் பழக்கம் பல வேலைத்தளங்களில் இருக்கிறது. கைவிரலை இழக்கும் வழி அது. வட்டில் எழுதியிருக்கும் உச்சச் சுழற்சி கிறைண்டரின் சுழற்சியைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். வட்டில் உள்ள அம்புக்குறி கிறைண்டர் சுற்றும் திசைக்குப் பொருந்தவேண்டும்.

இவற்றோடு நேர்வெட்டுக்கு ஒரு கை ரைல் கட்டர், 8 மி.மீ. வைரத் துளையூசி, குழாய் அளவுக்கு வைரத் துளைவட்டு, ரைல் கொறிக்கும் குறடு, விளிம்பு தேய்க்கும் வைரப் பட்டை அல்லது சாணைக்கல், மாஸ்கிங் ரேப், மூலைமட்டம். மாதிரி வெட்டக் காட்போட் தேடி அலையவேண்டாம். ரைல் வந்த பெட்டியே இருக்கிறது.

தூசியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். ரைல் தூசியில் இருப்பது படிகச் சிலிக்கா. அது நுரையீரலில் படிந்தால் திரும்ப வெளியே வராது, வருடக்கணக்கில் மூச்சைத் தின்னும். முகத்தில் கட்டிய லேஞ்சி அதைத் தடுக்காது. என்95 தரமுள்ள முகக்கவசமும் கண்ணாடியும் போட்டு, வீட்டுக்கு வெளியே, காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று வெட்டுங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் வாசலிலேயே வெட்டினால் தூசி முழுவதும் வீட்டுக்குள்தான் போகும்.

தூசி அடங்கவென்று சாதாரணக் கிறைண்டரில் போத்தலால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது தண்ணீருக்குச் செய்த கருவி அல்ல. ஈர வெட்டென்றால் அதற்குரிய கட்டரை, 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் மாட்டுங்கள். நீட்டிப்பு வயரின் பிளக் ஈரத் தரையில் கிடக்கக்கூடாது. சாரமும் செருப்பும் இந்த வேலைக்கு உடுப்பல்ல. குந்தியிருந்து வெட்டும்போது சாரத்தின் மடிப்பு வட்டுக்கு மிகக் கிட்ட வந்துவிடும்.

சுவர் மூலை: எல் வடிவ வெட்டு

வீட்டில் அதிகம் வருவதும் அதிகம் வெடிப்பதும் இதுதான்.

அளவெடுக்க ரேப் தேவையில்லை. வெட்டவேண்டிய ரைலைக் கடைசியாகப் பதித்த முழு ரைலின் மேல் விளிம்புக்கு விளிம்பு சரியாக வையுங்கள். இன்னொரு ரைலை அதன் மேல் வைத்துச் சுவர்ப்பக்கம் தள்ளுங்கள். சுவருக்கும் மேல் ரைலுக்கும் இடையில் 11 மி.மீ. தடிப்பான ஒரு துண்டு இருக்கட்டும். 8 மி.மீ. சுவர் இடைவெளிக்கு, 3 மூட்டுக்கு. மேல் ரைலின் பின்விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே கீழ் ரைலில் கோடு போடுங்கள். மூடப்படாமல் தெரியும் பகுதிதான் உங்களுக்கு வேண்டிய அகலம். இப்போது கீழ் ரைலைச் சுழற்றாமல், அதே முகம் அதே திசையில், மூலையின் மறுபக்கத்து முழு ரைலின் மேல் கொண்டுபோய் வைத்து இதையே செய்யுங்கள். இரு கோடும் வெட்டும் புள்ளி உள்மூலை. சுவர் மூலைமட்டத்துக்கு இல்லாவிட்டால் ஒவ்வொரு கோட்டையும் இரு இடத்தில் குறித்து இணையுங்கள். சுவரின் கோணல் அப்படியே ரைலில் இறங்கிவிடும்.

கோட்டை மாஸ்கிங் ரேப் ஒட்டி அதன் மேல் போடுங்கள். பளபளப்பாக மெருகிட்ட போர்சலினில் மார்க்கர் மை ஊறி நின்றுவிடும். வெட்டி எறியவேண்டிய பக்கத்தில் பெரிய பெருக்கல் குறி ஒன்றும் போடுங்கள்.

இனி உள்மூலை. வட்டு வட்டமானது, மூலை கூர்மையானது. 105 மி.மீ. வட்டு 10 மி.மீ. தடிப்பு ரைலில் 25 மி.மீ. ஆழம் இறங்கி நிற்கும்போது, மேல்முகத்தில் வெட்டு கீழ்முகத்தைவிட ஏறத்தாழ 8 மி.மீ. முன்னே ஓடியிருக்கும். கீழே மூலை வரை வெட்டவேண்டும் என்று தள்ளினால் மேலே கோடு மூலையைத் தாண்டிவிடும். அந்தத் தாண்டிய கீறல்தான் பிறகு வெடிப்பாக நீளுகிறது. அழுத்தமெல்லாம் கூரான உள்மூலையில் வந்து குவியும். வெடிப்புக்கு அங்கே வழியும் தயாராக இருக்கும்.

ஆகவே முதலில் உள்மூலையில், எறியும் பக்கத்துக்குள் விழும்படி, 8 மி.மீ. வைரத் துளையூசியால் ஒரு துளை. துளையின் விளிம்பு இரு கோட்டையும் தொட்டால் போதும். பிறகு இரு வெட்டையும் துளையை நோக்கிக் கொண்டுவந்து அதற்குள் முடியுங்கள். வளைந்த மூலையில் அழுத்தம் பரவும், வெடிப்பு தொடங்காது. துளையூசி கையில் இல்லாதபோது, மேல்முகத்தில் மூலைக்கு 10 மி.மீ. முன்னரே நிறுத்தி, ரைலைப் புரட்டிப் பின்முகத்திலிருந்து மிச்சத்தை வெட்டுங்கள். தாண்டும் கீறல் பின்னால், தரைக்குள் மறைந்துபோகும். துளை அளவுக்கு இது நல்லதல்ல.

வெட்டு ஒரே இழுப்பில் வேண்டாம். முதல் ஓட்டத்தில் 2 மி.மீ. ஆழம் மட்டும், கோட்டின் எறியும் பக்கம் ஒட்டி. பூச்சு அங்கேயே சுத்தமாகப் பிரிந்துவிடும். பிறகு இரண்டு மூன்று ஓட்டத்தில் அடிவரை. ரைல் முழுவதும் தட்டையான பலகையில் படுத்திருக்கவேண்டும், வெட்டி விழும் துண்டும்தான். துண்டு அந்தரத்தில் தொங்கினால் கடைசி இரண்டங்குலம் தன் பாரத்தாலேயே ஒடிந்து நல்ல பக்கத்தையும் கிள்ளிக்கொண்டு போகும். வட்டு சிவந்து மணம் வந்தால் தூக்கி, சும்மா சுழலவிட்டு ஆறவையுங்கள்.

கதவு நிலை

முதிரையிலோ பாலையிலோ செய்த நிலைக்குக் கதவு படியும் பள்ளம் இருக்கும். ஆகையால் நிலையின் அடி ஒரு படிக்கட்டு வடிவம். அதைச் சுற்றி ரைலைச் செதுக்குவதைவிட, நிலையின் அடியை ரைல் தடிப்புக்கு அறுத்து ரைலை உள்ளே செருகுவதே அழகு. ரைல் துண்டு ஒன்றைப் பசைத் தடிப்புக்குரிய 5 மி.மீ. காட்போட்டின் மேல் வைத்து நிலையோடு ஒட்டிப் படுக்கவைத்து, கைவாளை அதன் மேல் தட்டையாகப் படியவிட்டு அறுங்கள். 12 மி.மீ. ஆழம் போதும். உளியால் துண்டை எடுத்துவிடுங்கள். நிலையின் கால் கொங்கிறீற்றுக்குள் இறங்கி நிற்பதால் முழுவதும் அறுத்து அதன் பிடிப்பைக் கெடுக்காதீர்கள். அறுத்த பச்சை மரத்துக்குக் கறையான் மருந்து பூசியபிறகே ரைல் செருகவேண்டும். இங்கே அதைத் தவறவிட்டால் அடுத்த மாரிக்குள் புற்றுமண் தெரியும்.

அறுக்க முடியாத கொங்கிறீற் நிலையென்றால் பெட்டி அட்டையில் 600க்கு 600 சரியாக ஒரு மாதிரி வெட்டி, ரைல் வரும் இடத்தில் வைத்து, நிலையின் வடிவத்தைச் சிறிது சிறிதாக நறுக்கிப் பொருத்துங்கள். மாதிரியில் “மேல்” என்றும் வாசல் பக்கத்துக்கு அம்புக்குறியும் எழுதுங்கள். மாதிரியைத் தவறுதலாகப் புரட்டிவைத்து வெட்டி, வலதுகால் ரைல் இடதுகால் ரைலாகிப்போவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை. பதிக்கத் தொடங்கும் முன்பே கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். ரைலும் பசையும் சேர்ந்து தரையை 15 மி.மீ. அளவு உயர்த்தும். கதவின் அடியை இப்போதே சீவலாம். பதித்த பிறகு கதவைக் கழற்றவே இடம் இருக்காது.

வட்டத் தூண்

தூணைச் சுற்றிச் சணல் போட்டு அளந்து 3.14ஆல் வகுங்கள். 723 மி.மீ. சுற்றளவென்றால் விட்டம் 230. ஆரை 115, அதோடு 6 மி.மீ. இடைவெளி சேர்த்து 121. மெல்லிய பலகைக் கீற்றில் 121 மி.மீ. தூரத்தில் ஓர் ஆணியும் ஒரு பென்சில் துளையும் போட்டால் அதுவே கவராயம். ஆனால் கையால் பூசிய தூண் சரியான வட்டமாக இருப்பதில்லை. வட்டத்தை அட்டையில் வெட்டித் தூணோடு வைத்துப் பார்த்துத் திருத்திய பிறகே ரைலில் வரையுங்கள்.

வளைவை ஒரே தடவையில் வெட்ட வட்டை வளைக்காதீர்கள். மெல்லிய வைர வட்டு பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது, நெளிந்து உடைந்து பறக்கும். முதலில் கோட்டின் வழியே சிறுசிறு தொடுகைகளாக 2 மி.மீ. கீறல். அது பூச்சைக் காக்கும். பிறகு ரைலின் விளிம்பிலிருந்து வளைவை நோக்கி 10 மி.மீ.க்கு ஒன்றாக, சீப்புப் பல் போல, கோட்டுக்கு 2 மி.மீ. முன்னே நிற்கும் வெட்டுகள். பற்களைக் குறட்டால் ஒவ்வொன்றாக முறித்து எடுத்து, மிஞ்சிய கொறியலைச் சாணைக்கல்லால் கோடு வரை தேயுங்கள். கதவுப் பக்கச் சதுரத் தூணுக்கு வரும் ‘ப’ வடிவ வெட்டும் இதே வழிதான். இரு உள்மூலையிலும் துளை, நடுவில் சீப்பு வெட்டு.

குழாய்களும் கொமட்டும்

20 மி.மீ. தண்ணீர்க் குழாய்க்கு 32 அல்லது 35 மி.மீ. துளைவட்டு. சாதாரண ட்றில்லில் போட்டு, அடிக்கும் பொத்தானை நிறுத்தி, குறைந்த வேகத்தில் வையுங்கள். நிமிர்த்தி வைத்துத் தொடங்கினால் பளிங்கில் வழுக்கி ரைலெல்லாம் கீறும். 45 பாகை சரித்து ஒரு பிறை வெட்டி, அது பிடித்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். துளையைச் சுற்றி மெழுகு அல்லது களிமண் வரம்பு கட்டித் தண்ணீர் தேக்குவது போதும். பத்துப் பதினைந்து வினாடிக்கு ஒருதரம் தூக்குங்கள். மறுபக்கம் வரும் தறுவாயில் கையைத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் அடிப்பக்கம் பெரிய செதிலாகப் பெயரும்.

110 மி.மீ. கழிவுக் குழாய்க்கு 122 மி.மீ. வட்டம். பின்முகத்தில் வரைந்து, மையத்தினூடாக நட்சத்திர வடிவில் எட்டு வெட்டு, ஒவ்வொன்றும் வட்டத்துக்கு 5 மி.மீ. உள்ளே நிற்கும்படி. பிறகு குறட்டால் நடுவிலிருந்து வெளியே கொறியுங்கள், ஒரு கடிக்கு 2 அல்லது 3 மி.மீ. மட்டும்.

கொமட்டைச் சுற்றி ரைல் வெட்டவேண்டாம். கழற்றுங்கள். தண்ணீரை அடைத்து, திருகாணிகளை எடுத்து, குழாய் வாயில் பழந்துணி திணித்து மணமும் கல்லும் போகாமல் மூடிவிட்டு, ரைலை அடிவரை பதியுங்கள். இன்றைய கொமட்டின் வளைவுக்கு வெட்டிய தரை, நாளை மாற்றும் கொமட்டுக்குப் பொருந்தாது.

குளியலறையில் தண்ணீர் வடியும் வலைமூடி ஒரு தடை மட்டுமல்ல, தரையின் தாழ்ந்த புள்ளியும் அதுதான். ஒரு மீற்றருக்கு 15 மி.மீ. சரிவு நாலு பக்கமிருந்தும் வரவேண்டும். 600 ரைல் நாலு பக்கம் வளையாது. அங்கே 300 ரைல் வாங்குங்கள். மூடியின் நாலு முனையிலிருந்தும் அறை மூலைகளை நோக்கிச் சாய்கோட்டில் வெட்டினால், கடித உறையின் பின்பக்கம் போல நாலு முக்கோணங்களும் தனித்தனிச் சரிவில் படியும்.

வெட்டிய துண்டைப் பதித்தல்

வெட்டிய விளிம்பிலும் பின்முகத்திலும் உள்ள தூசியைக் கழுவி உலர்த்துங்கள். தூசியில் பசை ஒட்டாது. செரமிக்கைச் சீமெந்துக் கலவையில் வைப்பதென்றால் முதலில் தண்ணீரில் ஊறவிடலாம். போர்சலின் சீமெந்துப் பாலில் நிற்காது, அதற்கு ரைல் பசைதான். தடையைச் சுற்றிய துண்டுகளின் பின்முகம் முழுவதும் மெல்லிதாகப் பசை தடவி, தரையில் பல்கரண்டியால் இழுத்த பசையின் மேல் அழுத்துங்கள். நாலு மூலையில் நாலு குவியல் வைத்துப் பதித்த ரைலைத் தட்டினால் வெற்றொலி கேட்கும். எல் வெட்டின் ஒடுங்கிய கால் அந்த வெற்றிடத்தின் மேல் நின்றால், அலுமாரி ஒன்றை நகர்த்தும் நாளில் போய்விடும்.

24 மணிநேரம் மிதிக்காமல் விட்டு மூட்டுப் பூச்சு பூசுங்கள். ஆனால் தூண், நிலை, குழாய் ஓரத்து 6 மி.மீ. இடைவெளிக்குள் அந்தப் பூச்சைத் திணிக்காதீர்கள். முருங்கன் பக்கத்துக் கருங்களி மாரியில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். தூண் ஒரு பக்கமும் தரை ஒரு பக்கமும் அசையும். வெயில் விழும் விறாந்தை ரைலும் பகலில் விரியும். இறுகிய சீமெந்து அந்த இடைவெளியில் இருந்தால், நீங்கள் கவனமாக வெட்டிய அரைவட்டம்தான் முதலில் உடையும். மூட்டுப் பூச்சு நன்றாகக் காய்ந்தபின், இருபுறமும் மாஸ்கிங் ரேப் ஒட்டி, ரைல் நிறத்துச் சிலிக்கனை நிரப்பி, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் தடவி, அது தோல் கட்டும் முன் ரேப்பை உரித்துவிடுங்கள்.